ஒன்பது கொழுக் கலப்பைக்கு எனாமலா, பி.யூ. பெயின்ட்டா?

விலையை மட்டும் பார்த்தால் சிந்தெடிக் எனாமல்தான். பிரஷ்ஷாலேயே அடிக்கலாம், கலக்க டர்பன்டைன் போதும். ஆனால் வெயிலில் நிற்கும் கலப்பையில் சிவப்பும் நீலமும் சீக்கிரம் வெளுத்துவிடும். ஹார்ட்னர் (பெயின்ட்டை இறுக வைக்கும் திரவம்) சேர்க்கும் இரண்டு டப்பா பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட்டில் பளபளப்பும் நிறமும் அதைவிட நீண்ட நாள் நிற்கும், சிந்திய டீசலையும் தாங்கும். ஹார்ட்னர் அளவு டப்பாவில் எழுதியிருக்கிறபடிதான். கண்ணளவில் ஊற்றினால் பிசுபிசுப்பு போகவே போகாது. கலந்தது சில மணி நேரத்தில் இறுகிவிடும் என்பதால் அவ்வப்போது வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனத்தின் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். துணி முகமூடி அதற்கு ஆகாது.

எதை அடித்தாலும் உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அடியில் இருக்கும் கிரீஸ்தான். முதலில் டிடர்ஜென்ட் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு கம்பி பிரஷ், 80 நம்பர் எமரி தாள், அப்புறம் 180 நம்பர் போட்டுத் தேயுங்கள். பிரைமர் (அடிப்பூச்சு) அன்றைக்கே ஏற வேண்டும், எனாமலுக்கு ரெட் ஆக்சைடு, பி.யூ.வுக்கு எபாக்சி, விட்டால் இரவுப் பனியில் மறுபடி துரு பூக்கும். பழைய எனாமல் மேல் பி.யூ. அடித்தால் அதன் தின்னர் அடியில் இருக்கும் எனாமலைச் சுருட்டிவிடும், முழுக்கச் சுரண்டியே ஆக வேண்டும்.

நிறம் பொருத்த, ஸ்டிக்கருக்கு அடியில் வெளுக்காத இடத்தைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் பெயின்ட் படாமல் டேப் ஒட்டுங்கள். கொழு முனைக்குப் பெயின்ட் வீண். ஒரே உழவில் மண் தேய்த்துவிடும், பழைய என்ஜின் ஆயில் போதும்.