குமுளியில் வாங்கிய முதலுதவிப் பெட்டி

லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறிச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் வரும் குமுளிக் கடைத்தெருவில், 480 ரூபாய் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினேன். தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்க்கிறேன். இரண்டு மாதம் அலமாரியில் கிடந்த பெட்டியை, ஏழு வயது மகள் தகரக் கொட்டகையின் விளிம்பில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்த அன்றுதான் முதன்முறையாகத் திறந்தேன்.

இருபது பேண்டெய்டு, ஒரு பஞ்சுச் சுருள், தெர்மாமீட்டர், ஹைட்ரஜன் பெராக்சைடு, வெட்டாத கத்தரிக்கோல் எல்லாம் இருந்தன. ரத்தத்தை நிறுத்தத் தேவையான காஸ் துணி மட்டும் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அளவில் இரண்டே துண்டுகள். இரண்டும் ஒரு நிமிடத்தில் நனைந்துவிட்டன. நனைந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் உறையத் தொடங்கிய ரத்தமும் கூடவே பிய்ந்து வந்துவிடும் என்பதால், அதன் மேலேயே துவைத்த வேட்டித்துணியை மடித்து வைத்து, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்து அழுத்தினேன். பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நான் பொறுமையிழந்து மூன்றாம் நிமிடத்தில் திறந்து பார்த்தேன், மறுபடி கசிந்தது, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பஞ்சைத் தொடவில்லை, அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்கா பரிவோடு கொண்டுவந்த காப்பித்தூளையும் வேண்டாமென்றேன், ஏனெனில் தையல் போடும்முன் மருத்துவர் அதைச் சுரண்டிக் கழுவுவது குழந்தைக்கு இன்னொரு வேதனை.

ரத்தம் நின்றபின் குழாய்த் தண்ணீரில் கழுவினோம். பெராக்சைடு நுரைத்து எரிவதோடு நல்ல திசுவையும் பாதிக்கும் என்பதால் அந்தக் குப்பியைத் திறக்கவே இல்லை. காயத்தின் ஓரங்கள் பிளந்தே நின்றதால் மருத்துவரிடம் சென்றோம், மூன்று தையல். தகரம் துருப்பிடித்தது என்பதால் டெட்டனஸ் பயம் எனக்கு இருந்தது. அந்தக் கிருமி இருப்பது துருவில் அல்ல, மண்ணிலும் சாணத்திலும்தான் என்று விளக்கிய மருத்துவர், தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். அழுக்குப்பட்ட காயமென்றாலும் கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு ஆகவில்லை என்பதால் புதிதாகப் போடவில்லை.

பெட்டியிலிருந்த விளக்கத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கிறது. தமிழும் மலையாளமும் பேசும் மலைத்தோட்ட ஊரில் விற்கும் பொருளுக்கு இது பெரிய குறை.

பிறகு பேருந்து நிலையத்தருகே உள்ள சிறிய மெடிக்கலில் காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், மைக்ரோபோர் டேப் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கி நிரப்பினேன். (அங்கே சென்டிமீட்டர் கணக்கு எடுபடாது, மூன்று இஞ்ச், நாலு இஞ்ச் என்றுதான் கேட்க வேண்டும்.) கடைக்காரர் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பி, காலாவதித் தேதியைக் காட்டிவிட்டே தந்தார். மொத்தச் செலவு 200 ரூபாயைத் தாண்டவில்லை.

ஆகவே உள்ளிருக்கும் பொருள்களை நம்பி இதை வாங்காதீர்கள். பெட்டி மட்டும் நல்ல பெட்டி. மூடியின் ரப்பர் விளிம்பு ஈரத்தை உள்ளே விடுவதில்லை. ஜூன் மழையில் துணிமணியெல்லாம் பூஞ்சை பிடிக்கும் எங்கள் வீட்டில், அதற்குள் வைத்த காஸ் துணி மட்டும் காய்ந்தே இருக்கிறது.