ஏபிஐ டெஸ்டுக்கு எந்த டேட்டாபேஸ்: எஸ்க்யூலைட்டா, போஸ்ட்கிரெஸ்ஸா?

ஃபாஸ்ட்ஏபிஐ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்), எஸ்க்யூஎல்ஆல்கெமி (பைத்தானிலிருந்து டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி), அலெம்பிக் (டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் ஸ்கிரிப்ட்களை ஓட்டும் கருவி), பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்று ஓடும் ஓப்பன் சோர்ஸ் ஏபிஐ ஒன்றுக்கு டெஸ்ட் சேர்க்கப் போனால், பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவி விஷயத்தில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. டெஸ்ட் எந்த டேட்டாபேஸில் ஓட வேண்டும் என்னும்போதுதான் இரண்டு கட்சி. மெமரியில் ஓடும் எஸ்க்யூலைட் போதும் என்பது ஒன்று. டாக்கர் கன்டெய்னரில் நிஜ போஸ்ட்கிரெஸ் வேண்டும் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. (டேட்டாபேஸையே மாக் செய்யலாம்தான், அதாவது போலி ஒன்றை வைக்கலாம். க்வெரி தப்பாக இருந்தாலும் டெஸ்ட் பச்சை காட்டும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.)

எஸ்க்யூலைட்டின் லாபம் கண்கூடு. பைத்தானோடு கூடவே வருகிறது. புதிதாக வருபவர் ரெப்போவை குளோன் செய்து, பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்து, பைடெஸ்ட் என்று அடித்தால் ஓடிவிடும். ஒரு பொறி மட்டும் உண்டு: மெமரியில் ஓடும்போது கனெக்‌ஷனுக்கு ஒரு டேட்டாபேஸ். டேபிள்களை உருவாக்குவது ஒரு த்ரெட். அசிங்க் இல்லாத எண்ட்பாயிண்டை ஃபாஸ்ட்ஏபிஐ ஓட்டுவது வேறொரு த்ரெட். அங்கே கிடைப்பது காலி டேட்டாபேஸ், 'அப்படியொரு டேபிள் இல்லை' என்று டெஸ்ட் விழும். எல்லா த்ரெட்டும் ஒரே இணைப்பைப் பகிர எஞ்சினுக்கு ஸ்டாட்டிக்பூல் கொடுத்து, செக்-சேம்-த்ரெட்டை ஃபால்ஸ் ஆக்கினால் சரியாகும்.

நடத்தை வித்தியாசங்கள் பலருக்கும் தெரிந்தவை. ஃபாரின் கீ கட்டுப்பாடு எஸ்க்யூலைட்டில் இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா கட்டளை போட்டு எழுப்ப வேண்டும். வார்கேர் 50 என்று அறிவித்த ஃபீல்டில் 500 எழுத்தும் நுழையும். ஏறுவரிசையில் நல் மதிப்புகள் இங்கே முதலில், போஸ்ட்கிரெஸ்ஸில் கடைசியில். லைக் தேடல் இங்கே ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்காது, போஸ்ட்கிரெஸ் பார்க்கும் (தமிழ்ப் பெயர்களை மட்டும் வைத்து டெஸ்ட் எழுதினால் இது கண்ணிலேயே படாது). ஒரு வரிசையை மற்றவர் மாற்றாமல் தடுக்கும் ஃபார் அப்டேட் பூட்டை எஸ்க்யூஎல்ஆல்கெமி எஸ்க்யூலைட்டுக்காகச் சத்தமின்றி உதிர்த்துவிடும். ஒரே இருக்கையை இருவர் பதிவு செய்யும் பிழை அதனால் பிடிபடாது.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது மைக்ரேஷன். எஸ்க்யூலைட்டில் டெஸ்ட் வைக்கும் புராஜெக்ட் பெரும்பாலும் மாடல்களிலிருந்து நேராக டேபிள்களை உருவாக்கிவிடுகிறது. அலெம்பிக் ஸ்கிரிப்ட் ஒன்றுகூட ஓடுவதில்லை. முன்பின் தெரியாதவர்கள் புல் ரிக்வெஸ்ட் (கோட் மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) அனுப்பும் இடத்தில் அதிகம் உடைவது அதுதான். எஸ்க்யூலைட்டிலேயே அலெம்பிக்கை ஓட்டலாம் என்றால், அதன் ஆல்டர் டேபிளுக்கு வரம்பு அதிகம். டேபிளையே புதிதாக உருவாக்கி நகலெடுக்கும் பேட்ச் மோடில் எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் ஜேசன்பி ஃபீல்டுக்கு மாற்று வகை கொடுக்க வேண்டும். நாளடைவில் டெஸ்டுக்காகவே மாடலும் மைக்ரேஷனும் வளைய ஆரம்பிக்கும். அந்தப் பராமரிப்புச் சுமை மெயின்டெயினர் தலையில்தான்.

போஸ்ட்கிரெஸ்ஸில் என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். டெஸ்ட் தொடங்கும்போது ஒரே ஒருமுறை அலெம்பிக் அப்கிரேட் ஹெட்: மைக்ரேஷன்கள் வரிசையாக ஓடி கடைசி ரிவிஷனான ஹெட்டுக்கு வரும். பிறகு அலெம்பிக் செக்: மாடலை மாற்றிவிட்டு மைக்ரேஷன் எழுத மறந்தவர் அங்கேயே மாட்டுவார். இரண்டு புல் ரிக்வெஸ்ட்கள் ஒரே ரிவிஷனிலிருந்து கிளைத்து இரண்டும் மெர்ஜ் ஆனால் ஹெட் இரண்டாகி அப்கிரேட் நின்றுவிடும். சிஐ (மாற்றம் வரும்போதெல்லாம் டெஸ்டைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) அதை உடனே சொல்லும். ஹெட் வரை ஏற்றி, அடிவரை இறக்கி, திரும்ப ஏற்றும் டெஸ்ட் ஒன்றும் அவசியம். டேபிளை நீக்கினாலும் ஈனம் டைப் (அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) டேட்டாபேஸில் தங்கிவிடும், இரண்டாம் முறை ஏற்றும்போது 'டைப் ஏற்கெனவே இருக்கிறது' என்று விழும். டவுன்கிரேடில் அந்த டைப்பைக் கையால் டிராப் செய்ய வேண்டும்.

காலி டேட்டாபேஸில் மைக்ரேஷன் ஓடியது என்று நிம்மதி அடையவும் கூடாது. டீஃபால்ட் இல்லாத நாட் நல் ஃபீல்டு காலி டேபிளில் சேரும். வரிசைகள் இருக்கும் டேபிளில் சேராது. முந்தைய ரிவிஷன் வரை ஏற்றி, இரண்டு மூன்று வரிசைகளைப் போட்டு, பிறகு ஹெட்டுக்கு ஏற்றுங்கள்.

வேகத்துக்கு: டேட்டா டைரக்டரியை மெமரியில் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் வையுங்கள், டிஸ்கில் எழுதி முடியக் காத்திருக்க வைக்கும் எஃப்சிங்க், சிங்க்ரனஸ் கமிட் இரண்டையும் அணையுங்கள். ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டி ரோல்பேக் செய்யுங்கள். எண்ட்பாயிண்டே கமிட் செய்யுமானால், எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0 செஷனின் ஜாயின் டிரான்ஸாக்‌ஷன் மோடில் கிரியேட் சேவ்பாயிண்ட் கொடுத்தால் போதும்: அந்த கமிட் உள்ளே ஒரு சேவ்பாயிண்டோடு நிற்கும், வெளி ரோல்பேக் எல்லாவற்றையும் அழிக்கும். ரோல்பேக்கில் ஐடி எண்ணைக் கொடுக்கும் சீக்வென்ஸ் பின்னால் போகாது. அதனால் 'ஐடி 1 ஆக இருக்க வேண்டும்' என்று எழுதிய டெஸ்ட் தனியாக ஓடினால் பாஸ், கூட்டத்தோடு ஓடினால் ஃபெயில்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் போஸ்ட்கிரெஸ்ஸை சர்வீஸ் கன்டெய்னராக வைத்தால் லினக்ஸ் ரன்னரில் மட்டுமே ஓடும். ஃபோர்க்கிலிருந்து வரும் புல் ரிக்வெஸ்டுக்கு சீக்ரெட் கிடைக்காது. பாஸ்வேர்டை ஃபைலிலேயே வெளிப்படையாக எழுதுங்கள், ஓட்டம் முடிந்ததும் அந்த கன்டெய்னர் போய்விடும். ஹெல்த் செக்கில் சர்வர் தயாரா என்று பார்க்கும் பிஜி-இஸ்ரெடி கட்டளைக்கு ஹோஸ்டாக 127.0.0.1 கொடுப்பது முக்கியம். அதிகாரபூர்வ இமேஜ் முதல் துவக்கத்தில் தற்காலிக சர்வர் ஒன்றை சாக்கெட்டில் மட்டும் ஏற்றி இறக்கும். ஹோஸ்ட் கொடுக்காவிட்டால் அதைப் பார்த்தே 'தயார்' என்று சொல்லிவிடக்கூடும். வரிசைப்படுத்தலைச் சோதிப்பதாக இருந்தால் ஆல்பைன் இமேஜ் வேண்டாம். அதன் மஸில் என்ற சி லைப்ரரியில் மொழிக்கேற்ற லொக்கேல் வரிசை இல்லை.

எஸ்க்யூலைட் பக்கமும் நியாயம் இருக்கிறது. 8 ஜிபி லேப்டாப்பில் டாக்கர் கனமானது, விண்டோஸில் இன்னும் கனம். வெறும் படித்தல், எழுதுதல் மட்டும் செய்யும் நாலு டேபிள் ஏபிஐக்கு நான் சொன்னதில் பாதி தேவைப்படாமல் போகலாம். டாக்கர் வைக்க முடியாதவர்களுக்காக டேட்டாபேஸ் முகவரியை என்விரான்மென்ட் வேரியபிளில் விட்டுவிடுங்கள். கணினியில் ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் இருந்தால் அதைக் காட்டிக்கொள்ளட்டும், இல்லாதவர்கள் புல் ரிக்வெஸ்டை டிராஃப்டாகத் திறந்து சிஐயிலேயே ஓட்டிப் பார்க்கட்டும்.