ஆம்ஸ்டர்டாமில் வாடகை சைக்கிளா, நடையா?

நடுநகரத்தைச் சுற்றிப் பார்க்க மட்டும் என்றால், நடையும் டிராமும்தான் என் தேர்வு. காலை எட்டரை மணிக்கு சைக்கிளுக்கென்றே உள்ள சிவப்புத் தார்ப்பாதையில் வருகிறவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிறவர்கள். முன்பெட்டியில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்து மிதித்து வரும் அம்மாவுக்கு முன்னால், கால்வாயைப் படம்பிடிக்க ஒருவர் திடீரென நின்றால் அந்த அம்மா என்ன செய்வார்? போதாததற்கு, பல வாடகை வண்டிகளில் பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கும். கைப்பிரேக்கில் பழகியவர்களுக்கு அது சட்டென்று வராது. டிராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டினால் விழ வேண்டியதுதான். சுற்றுலாப் பயணிகளின் இரவுத் தங்கல்கள் ஆண்டுக்கு 2 கோடியைத் தாண்டும் நிலை வந்தால் நகராட்சி தலையிட வேண்டும் என்று 2021-ல் விதி போட்ட ஊர் அது. நெரிசலில் நாமும் ஒரு வண்டியைச் சேர்க்க வேண்டாமே.

சைக்கிள் ஆசை விடவில்லையா? சரி, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் படகு ஏறுங்கள். கட்டணம் கிடையாது, வண்டியோடு ஏறலாம், சில நிமிடங்களில் ஐ (IJ) நீர்ப்பரப்பின் வடகரை. அங்கிருந்து ரான்ஸ்டார்ப், டுர்கர்டாம் கிராமங்கள் வரை வாய்க்காலும் புல்வெளியும்தான். எதிர்க்காற்று மட்டும் படுத்தும். வலப்பக்கமாகவே ஓட்டுங்கள். திரும்பும்போது மாலை ஐந்து மணிப் படகை விட்டுவிடுங்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்த இடம் வேண்டும்.