பள்ளி வாசல் தீனியா, மாலை விளையாட்டா: ஊர் எதில் தொடங்கலாம்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகளின் உடல் பருமனைத் தடுக்க ஊர்க்காரர்கள் இரண்டு வழி பேசுகிறார்கள்: பள்ளி வாசலில் விற்கும் தீனியை மாற்றுவது, மாலையில் ஒரு மணி நேரம் விளையாடவைப்பது.

கணக்கு தீனிப் பக்கம்தான் சாய்கிறது. 30 கிலோ பிள்ளை ஒரு மணி நேரம் ஓடியாடினால் சுமார் 150 கலோரி செலவாகும். 50 கிராம் சிப்ஸ் பொட்டலம் அதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தந்துவிடும். 250 மி.லி. கோலாவில் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 26 கிராம். பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் இவற்றை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஒழுங்குமுறை சொல்கிறது. ஆனால் கடைக்காரருக்கு மாற்றுச் சரக்கு தராமல் சட்டம் பேசினால் கடை 60 மீட்டருக்கு நகரும், அவ்வளவுதான்.

மாற்று, சுண்டல். ஒரு கிலோ கொண்டைக்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து அவித்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். 25 பிள்ளைகளுக்குப் போதும். தேங்காயைக் காலையிலேயே கலந்தால் நம் வெயிலுக்கு மாலைக்குள் ஊசிவிடும். கொடுக்கும்போது துருவிப் போடுங்கள். வெள்ளைப் பணியாரம் நம்ம ஊர்ப் பெருமைதான், ஆனாலும் எண்ணெயில் பொரிப்பது. அது விசேஷத்துக்கு இருக்கட்டும்.

விளையாட்டு எடைக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் தூக்கத்துக்கும் வேண்டும். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்குமேல் தொடங்கலாம். கிரிக்கெட் மட்டும் என்றால் பெரிய பையன்கள் பொட்டலைப் பிடித்துக்கொள்வார்கள், பாதிப்பேர் நின்றே பொழுதைக் கழிப்பார்கள். கோ-கோ, கபடி மேல். டியூஷன் நேரத்தோடு மோதினால் கூட்டம் கரைந்துவிடும்.

முன்னின்று நடத்த ஆள் குறைவான ஊர் முதலில் தீனியைப் பிடிக்கட்டும். எதுவானாலும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடையை உரக்கச் சொல்லாதீர்கள். குண்டுப் பிள்ளைதான் மறுநாள் வராது.