66 மி.மீ. உயரத்தில் 50 டன்: குட்டை ஹைட்ராலிக் ஜாக்கி மதிப்புரை

பழைய வாய்க்கால் பாலமொன்றின் ரப்பர் பேரிங்குகளை (தூணுக்கும் பாலத்துக்கும் இடையே பாரம் தாங்கும் ரப்பர் அட்டைகள்) மாற்றுவதற்காக, 66 மி.மீ. உயரமும் 16 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் வெளியே நீளும் தூரம்) கொண்ட 50 டன் ஜாக்கிகள் நான்கைக் கைப்பம்புடன் வாங்கி, இதுவரை மூன்று வேலைகளில் பயன்படுத்தியிருக்கிறோம். தூக்கும் திறனில் குறை சொல்ல ஏதுமில்லை. ஏறத்தாழ 70 சதுர செ.மீ. பிஸ்டன் பரப்பின்மீது 700 பார் அழுத்தம் ஏறினால் 50 டன் கிடைக்கும். எங்கள் கர்டருக்கு (பாலத்தின் தளத்தைத் தாங்கும் உத்தரம்) அதில் பாதியே போதுமாக இருந்தது.

எங்களைச் சோதித்தது ஸ்ட்ரோக்தான். பியர் கேப்புக்கும் (தூணின் தலைப்பகுதி) கர்டருக்கும் இடையே 110 மி.மீ. இருந்தது. ஜாக்கியின் சிறிய அடிப்பரப்பில் முழுப் பாரமும் இறங்கினால் கான்கிரீட் நொறுங்கிவிடும் என்பதால், கீழே 25 மி.மீ., மேலே 12 மி.மீ. இரும்புத் தகடுகளை வைத்தோம். மீதமிருந்த 7 மி.மீ. இடைவெளியை ஷிம் எனப்படும் மெல்லிய நிரப்புத் தகடுகளால் அடைக்காமலேயே பம்ப் அடித்ததில், பாரம் ஏறுமுன்பே பாதி ஸ்ட்ரோக் வீணாயிற்று. போதாததற்கு, கர்டர் உயர உயர, நசுங்கிக் கிடந்த பழைய ரப்பரும் விரிந்து கூடவே எழும்பியதால், பேரிங்கை உருவ முடியவில்லை. மறுநாள் 5 மி.மீ. ஷிம் செருகிய பிறகே அது கையோடு வந்தது. தவறு எங்களுடையதே, எனினும் கையேட்டில் இதுபற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இந்த மாடலில் லாக் நட், அதாவது எண்ணெய் கசிந்தாலும் பிஸ்டன் இறங்காமல் பூட்டும் மரை, கிடையாது. அது உள்ள வகை உயரம் கூடியது என்பதால் எங்கள் இடைவெளியில் நுழையாது. ஆகவே கர்டர் 2 மி.மீ. உயரும்போதெல்லாம் பக்கத்தில் தாங்கு தகடு செருகிக்கொண்டே வந்தோம். இரண்டாம் வேலையில் ஒரு ஜாக்கியின் சீல் இரவோடிரவாகக் கசிந்து, காலையில் பார்த்தபோது பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் வளையமிட்டிருந்தது. கர்டர் தகடுகளின்மேல் அசையாமல் நின்றது. மாற்று சீலை அனுப்ப விற்பனையாளர் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

உடன் வந்த பிரஷர் கேஜில் ஒரு சிறு கோடு 20 பார், அதாவது ஏறக்குறைய 1.4 டன். நான்கு முனைகளையும் சமமாக உயர்த்த இதை நம்ப இயலாது. ஒவ்வொரு கர்டரின் கீழும் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை அளக்கும் முள் கருவி) வைத்தே உயர்வை அளந்தோம்.

இடைவெளி 66 மி.மீட்டருக்கும் குறைவென்றால் இதை வாங்க வேண்டாம். அங்கே, பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரெய்சினே உருவாக்கிய, மெல்லிய எஃகுத் தகட்டு உறைக்குள் எண்ணெய் ஏற்றி உப்பவைக்கும் தட்டை ஜாக்கியே பொருந்தும். ஆனால் அது பெரும்பாலும் ஒருமுறைப் பயன்பாட்டுக்குத்தான்.