செட்டோடு வரும் ஈரப்பத மீட்டரை நம்பிவிடாதீர்கள்

"தொட்டி, விளக்கு, மீட்டர் எல்லாம் ரெடி, பாம்பை விட்டால் போதும்" என்று யாராவது பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வகைக்கு முழு செட்டாக விற்றால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு வந்த செட் இது: கண்ணாடித் தொட்டி, மேலே முழுக்கக் கம்பி வலை மூடி, அதன்மேல் வெப்ப விளக்கு, அடியில் ஆஸ்பென் மரச்சீவல், உட்புறக் கண்ணாடியில் ஒட்டிய வட்டமான முள் மீட்டர். மீட்டரில் ஒரு பச்சைப் பட்டை, முள் அதன் நடுவே 60-இல் நின்றது. "பச்சையில இருக்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றார் விற்றவர். பால் பைத்தானுக்கு 55 முதல் 65 சதவீதம், சட்டை உரிக்கும் சமயத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல் என்பதுதான் பொதுவான கணக்கு. 60 என்று காட்டினால் யாருக்குச் சந்தேகம் வரும்?

முதல் சட்டை துண்டு துண்டாக வந்தது. ஈரப்பதம் சரியாக இருந்தால் காலுறையைக் கழற்றுவது போல ஒரே உறையாகக் கழற்றிப் போட்டுவிடும். இதற்கோ வால் நுனியில் பழைய தோல் வளையமாக இறுகிக் கிடந்தது. தலைப் பகுதித் தோலைத் தேடியெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணை மூடியிருக்கும் மெல்லிய செதிலும் சட்டையோடு வந்திருக்க வேண்டும், ஆனால் அந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மீட்டர் என்ன காட்டுது?" 60 என்றேன். "அப்போ ஈரப்பதம் சரியா இருக்கு, சத்துதான் கம்மி" என்று ஒரு வைட்டமின் பாட்டிலும், சட்டை உரிய ஒரு ஸ்பிரேயும் தலையில் கட்டினார். கண்ணில் ஒட்டியதற்கு செல்லோடேப் ஒட்டி இழுக்கச் சொன்னார். நல்லவேளை, மனசு வரவில்லை. அடியில் இருக்கும் புதுச் செதிலும் சேர்ந்து பிய்ந்து கண்ணே போயிருக்கும் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

அடுத்த சட்டையும் அதே கதிதான். இப்போது பனிமூட்டம் போல நீராவிப் புகை விடும் ஃபாகர் கருவியை வாங்கச் சொன்னார். சரி, அதுவும் வந்தது. உள்ளே ஒரே பனிமூட்டம், கண்ணாடியில் நீர் வழிகிறது, முள் மட்டும் 60. ஃபாகரை நிறுத்தி விளக்கை வெகுநேரம் எரியவிட்டேன், அப்போதும் 60. மீட்டரைப் பிய்த்து வாயருகே வைத்து ஊதினேன், விரலால் சுண்டினேன். முள் அசையவே இல்லை.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் டிஜிட்டல் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார். விளக்கு எரியும்போது 30-க்கும் கீழே. ஃபாகர் ஓடினால் 90-ஐத் தாண்டும், நிறுத்தினால் மளமளவென்று இறங்கிவிடும். காற்று சூடாகும்போது ஒப்பு ஈரப்பதம் தானாகவே குறையும். போதாததற்கு, சூடான காற்று இருக்கிற ஈரத்தையும் வலை வழியே வெளியே கொண்டுபோய்விடுகிறது. அடியிலோ ஆஸ்பென் ஊறிப் பூஞ்சை பிடித்து, பாம்பின் வயிற்றுச் செதில்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. மேலே வறட்சி, கீழே சொதசொதப்பு, இரண்டும் ஒரே தொட்டியில்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "மீட்டர் இலவசமா குடுத்தது, அதுக்கு கேரண்டி கிடையாது. உங்களுக்குப் பராமரிக்கத் தெரியல." நான் புகார் சொன்னபோதெல்லாம் அந்த இலவச மீட்டரைத்தானே சாட்சிக்குக் கூப்பிட்டார்!

எந்த மீட்டரானாலும் வாங்கியதும் உப்பு வைத்துச் சோதியுங்கள். ஒரு சின்ன மூடியில் சாப்பாட்டு உப்பு, அது முழுக்கக் கரையாமல் சேறாக நிற்கும் அளவுக்குச் சில துளி தண்ணீர். உப்பு மீட்டரில் படாதபடி இரண்டையும் ஜிப் பையில் போட்டு மூடி, அறை வெப்பத்தில் ஒரு நாள் விடுங்கள். 75 காட்ட வேண்டும். இரண்டு மூன்று கூடக்குறைய இருந்தால் அதைக் கழித்தோ கூட்டியோ கணக்குப் போட்டுக்கொள்ளலாம். என் முள் மீட்டர் அந்தப் பைக்குள்ளும் 60-தான்.

இப்போது வலை மூடியில் விளக்கிலிருந்து தள்ளி, பெரும்பகுதியை அக்ரிலிக் தகட்டால் மூடியிருக்கிறேன். காற்றோட்டத்துக்கு ஒரு ஓரம் திறந்தே இருக்கும். ஆஸ்பென் போய்த் தேங்காய் நார்த் துண்டுகள் வந்தன. மேலே தெளிக்காமல் மூலைகளில் தண்ணீர் ஊற்றுகிறேன், அடி ஈரமாகவும் மேல்பரப்பு காய்ந்தும் இருக்கிறது. ஃபாகர் அட்டைப்பெட்டியில் தூங்குகிறது. இந்தச் சூழலில் வந்த அடுத்த சட்டையோடு கண் மூடிகளும் தாமாகவே கழன்றன.

அதே விற்பனையாளர் லெப்பர்ட் கெக்கோ, கிரெஸ்டட் கெக்கோ என்ற இரண்டு பல்லி வகைகளுக்கும் இதே செட்டைத்தான் விற்கிறார். முதலாவதற்குப் பொதுவாக 30-40 சதவீதமும் ஈரமான ஒரு மறைவிடமும் போதும். இரண்டாவதற்கு இரவில் 80 வரை ஏறி, பகலில் கொஞ்சம் காய வேண்டும். இரண்டுக்கும் ஒரே பச்சைப் பட்டையாம். ஏற்கெனவே வாங்கியவர்கள், பாம்பு வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை வந்தாலோ, அவருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.