சால் லைட்டரின் நிறத்தைப் பிடிக்க நான்கு வழிகள்: பிரீசெட், மேட்ச் கலர், லட், கைவேலை

ஒருவருடைய படங்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கை துறுதுறுக்கும், நம் படத்தையும் இப்படிக் கொண்டுவந்தால் என்ன என்று. எனக்கு அப்படிப்பட்டவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் சால் லைட்டர். ஓவியராக வேண்டும் என்று 1946இல் நியூயார்க் வந்தவர், 1948 வாக்கில் கலர் பிலிமைக் கையில் எடுத்தார். கலைப்படம் என்றாலே கறுப்பு வெள்ளைதான் என்று பெரும்பாலானோர் நினைத்த காலம் அது. நீராவி படிந்த கண்ணாடி, பனி, குடை, படத்தின் பெரும்பகுதி இருட்டு, ஓரத்தில் எங்கோ ஒரு துளி சிவப்பு. பார்த்தவுடன் இன்னார் படம் என்று தெரிந்துவிடும்.

இந்த நிறத்தை எடிட்டிங்கில் கொண்டுவர என்னென்ன வழி இருக்கிறது, எது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க, என் ரா ஃபைல்கள் (கேமரா பதிவு செய்தது அப்படியே இருக்கும் படங்கள்) நான்கை எடுத்துக்கொண்டேன். மழை நாளில் கண்ணாடி வழியாக எடுத்த ஒரு சிவப்புக் குடை, உச்சிவெயிலில் ஒரு தெரு, மஞ்சள் பல்பு எரியும் அறை, நிழலில் ஒரு முகம். நான்கு முறைகளையும் இந்த நான்கு படங்களிலும் போட்டுப் பார்த்தேன். ஒரே படத்தில் மட்டும் போட்டுப் பார்த்து முடிவு சொல்கிறவர்களை நம்பாதீர்கள், எந்த முறையும் ஏதாவது ஒரு படத்தில் நன்றாகத்தான் இருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் கர்வ் (இருட்டு முதல் வெளிச்சம் வரை வளைத்து மாற்றும் கோடு) போட்டுக் கட்டியதுதான் மற்ற மூன்றையும் விட நெருங்கி வந்தது. ஆனால் அதை அப்படியே விட்டால் அடுத்த படத்துக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதனால் கடைசியில் அதை ஒரு ப்ரொஃபைலாக (ஸ்லைடர்களைத் தொடாமல் எந்தப் படத்துக்கும் அடியில் போடக்கூடிய நிற அமைப்பு) மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காசு கொடுத்து வாங்கும் பிரீசெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறோம். பிரீசெட் என்பது யாரோ ஒருவர் தன் படத்துக்கு நகர்த்திய ஸ்லைடர்களின் எண்கள், அவ்வளவுதான். 2018 முதல் லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருள் இவற்றை எக்ஸ்எம்பி ஃபைலாகச் சேமிக்கிறது, அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தால் எல்லா எண்களையும் படித்துவிடலாம். நான் வாங்கிய ஒன்றை அப்படித் திறந்து பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. உள்ளே ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்தை ஈடுகட்டும் அளவு) 5400 கெல்வின் என்று அடித்து வைத்திருந்தார்கள், எக்ஸ்போஷரும் சேர்ந்தே இருந்தது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு 5400 பொருந்தும். 2800 சொச்சத்தில் எரியும் மஞ்சள் பல்பு அறைக்கு அதைப் போட்டால் படம் முழுக்க ஆரஞ்சுக் குழம்பு. என் நான்கு படங்களில் குடைப்படம் மட்டும் பரவாயில்லை, தெருவில் வெள்ளைச் சுவர் வெந்துபோனது, முகம் செங்கல் நிறத்துக்குப் போனது.

பிரீசெட் செய்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருடைய படத்தில் அது சரியாகவே இருந்திருக்கும். அவருடைய கேமரா வேறு, வெளிச்சம் வேறு. அதே ஸ்லைடர் எண்கள் வேறு கேமராவின் ரா ஃபைலில் வேறு மாதிரி விழும், அடியில் இருக்கும் கேமரா ப்ரொஃபைல் மாறினாலும் அப்படித்தான். ஜேபெக்கில் இன்னும் மோசம், அங்கே ஒயிட் பேலன்ஸ் கெல்வினில் இருக்காது, வெறும் கூட்டல் கழித்தல் அளவுதான். ஆகவே பிரீசெட் வாங்கினால் முதல் வேலையாக அதிலிருந்து எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டு மறுபடி சேமியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி தீராது.

அடுத்து மேட்ச் கலர். போட்டோஷாப்பில் பல வருடமாக இருக்கிறது, இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினால் உங்கள் படத்தின் நிறத்தை அதன் பக்கம் தள்ளிவிடும். இந்த வகை வேலைக்கு அடிப்படையாகப் பலரும் சுட்டுவது 2001இல் எரிக் ரெய்ன்ஹார்டும் மற்ற மூவரும் எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரை. வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சராசரியையும் பரவலையும் மாதிரிப் படத்தின் அளவுக்கு மாற்று என்பதுதான் அதன் சாரம். கேட்கும்போதே பிரமாதமாக இருக்கிறது, இல்லையா?

சிக்கல் சராசரி என்ற சொல்லில்தான் இருக்கிறது. லைட்டரின் படத்தில் முக்கால்வாசி இருட்டு. அதன் சராசரியை எடுத்து என் தெருப்படத்தில் போட்டால், தெருவில் இருந்த வெயில் முழுவதும் மண்நிறச் சேறாகிவிட்டது. படத்தில் எது முகம், எது சுவர் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. மாதிரியும் நம் படமும் ஒரே மாதிரிக் காட்சியாக இருந்தால் மட்டும் அசத்துகிறது, என் குடைப்படத்தில் முதல் அடியிலேயே எழுபது சதவீதம் வந்துவிட்டது. ஒரு உருப்படியான தந்திரம் உண்டு: இரண்டு படங்களிலும் ஒத்த பகுதியை மட்டும் செலக்ட் செய்துகொண்டு, உதாரணமாகச் சுவரும் சுவரும், அந்தப் பகுதியை வைத்துக் கணக்குப் போடச் சொல்லலாம். விளைவைக் குறைக்கும் ஃபேட் ஸ்லைடரைப் பாதிக்குக் கொண்டுவந்தால் இன்னும் நிதானமாகும். ஆனாலும் இது ஒரு படத்துக்கு ஒரு முறை செய்கிற வேலை, பத்துப் படத் தொடருக்கு ஆகாது. பத்தும் பத்து நிறத்தில் வந்து நிற்கும்.

ஏஐ எடிட்டிங் பற்றியும் கேட்பீர்கள். உங்கள் பழைய எடிட்டுகளைப் பார்த்து உங்கள் கையைப் பழகிக்கொள்ளும் மென்பொருள்கள் கல்யாண ஆல்பக்காரர்களுக்கு உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் அவை கற்றுக்கொள்ள எடிட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் படங்கள் ஏராளமாக வேண்டும். இன்னொருவர் ஸ்டைல் என்றால் அவருடைய முன் படங்களுக்கு எங்கே போவது? படத்தையே புதிதாக வரைந்து தருகிற ஏஐ முகத்தையும் கையையும் மாற்றிவிடுகிறது, அதை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

லட் விஷயத்துக்கு வருவோம். இந்த நிறம் உள்ளே வந்தால் அந்த நிறமாக வெளியே அனுப்பு என்று எழுதி வைத்த ஒரு பெரிய அட்டவணை அது. வழக்கமான அளவு பக்கத்துக்கு 33 புள்ளிகள், அதாவது 33 பெருக்கல் 33 பெருக்கல் 33, மொத்தம் 35,937 நிறங்கள். இடையில் வருவதைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். ஸ்லைடர்களால் எட்ட முடியாத வளைவுகளை இது எட்டும், மங்கிய பச்சையை ஒரு பக்கமும் அடர்ந்த பச்சையை வேறு பக்கமும் தள்ளலாம். பிலிமைப் பிரதி எடுப்பதில் பிரீசெட்டை விட இது எவ்வளவோ மேல். இலவசமாகவும் கிடைக்கிறது: ரா தெரபி, டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள்கள் இரண்டும் ஹால்ட் கிளட் என்கிற வகையைப் படிக்கும், அது பார்ப்பதற்கு ஒரு சாதாரணப் படம் மாதிரியே இருக்கும்.

இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. லட் தனக்கு எந்த மாதிரிப் படம் வரும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டிருக்கும். வீடியோ லாக் (வேண்டுமென்றே வெளிறலாகப் பதிவு செய்யும் முறை) படத்துக்குச் செய்த லட்டைச் சாதாரணப் படத்தில் போட்டால் காண்ட்ராஸ்ட் எகிறி நிழலெல்லாம் அடைத்துக்கொள்ளும். எட்டு பிட் ஜேபெக்கில் போட்டால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கிரெயின் (பிலிமில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்), ஷார்ப்னெஸ், ஓரம் இருட்டுவது இதெல்லாம் லட்டுக்குள் அடங்காது, அதற்கு இடம் தெரியாது, நிறம் மட்டுமே தெரியும். என் நான்கு படங்களில் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் சரிசெய்த பிறகு ஒரு ஸ்லைடு பிலிம் (நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமே விழும் பிலிம், லைட்டர் கலரில் எடுத்தது பெரும்பாலும் இதில்தான்) லட் போட்டேன், மூன்று நன்றாகவே வந்தன. ஆனால் அது ஸ்லைடு பிலிம் நிறம், லைட்டரின் நிறம் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இன்னும் தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தைக் கையால்தான் கடக்க முடிந்தது.

முதல் கேள்வி, எதைப் பார்த்துச் செய்வது? ஒரே லைட்டர் படம் வெவ்வேறு ஸ்கேன்களில் வெவ்வேறு நிறத்தில் கிடைக்கிறது, ஒன்றில் மஞ்சள் தூக்கல், ஒன்றில் கறுப்பு வெளிறியிருக்கும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் நாம் பிரதி எடுப்பது ஸ்கேனரை. ஏழெட்டுப் படங்களைத் திரையில் ஒரே சீட்டாக அடுக்கிக்கொண்டு, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தது மூன்று. கறுப்பு முழுக் கறுப்பு இல்லை, கொஞ்சம் பழுப்பு கலந்திருக்கிறது. வெள்ளை, வெள்ளை இல்லை, பால் நிறம். சிவப்பு பளிச்சென்று கத்தாது, ஆழமாக இருக்கும்.

முதல் இரண்டுக்கும் கர்வ் போதும். முதலில் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்தேன், ஸ்லைடு பிலிமுக்குத் தாங்கும் அளவு குறைவு, ஹைலைட்டைக் காப்பாற்றி எடுத்தால் நிழல் தானாக மூழ்கும். பிறகு பாயிண்ட் கர்வின் இடது முனையை லேசாகத் தூக்கிவிட்டு, அதற்கு அடுத்த கால் பகுதியைக் கீழே இழுத்தேன். இந்த இரண்டாவது இழுப்பை மறந்தால் நிழல் முழுக்கப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும், பிரீசெட்டுகளில் பார்த்துப் பார்த்துச் சலித்த அந்த வெளிறல் இதுதான். சிவப்புச் சேனலில் இடது முனை மட்டும் ஒரு பொட்டு மேலே, நிழலில் பழுப்பு வந்தது. நீலச் சேனலில் வலது முனை சற்றுக் கீழே, வெள்ளை பாலாக மாறியது.

சிவப்பில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கூட்டினால் குடை விளக்கு மாதிரி எரிகிறது, குறைத்தால் செத்துப்போகிறது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். ஸ்லைடு பிலிமில் நிறம் சாயத்தால் உண்டாகிறது, சாயம் கூடக் கூட வெளிச்சம் கடந்து வருவது குறையும், அதனால் அடர்ந்த நிறம் என்றாலே இருண்ட நிறம். டிஜிட்டல் சாச்சுரேஷன் ஸ்லைடருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அடர்த்தியைக் கூட்டும்போது பிரகாசத்தை அந்த அளவுக்கு இறக்குவதில்லை. ஆகவே எச்எஸ்எல்லில் (ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக மாற்றும் பேனல்) சிவப்பின் சாச்சுரேஷனைத் தொடாமல் லூமினன்ஸை, அதாவது பிரகாசத்தை, மட்டும் மைனஸ் 25க்கு இறக்கினேன். குடை அந்த நொடியே மாறியது, துணி நனைந்து கனத்த மாதிரி. இந்த ஒரு ஸ்லைடரைக் கண்டுபிடித்த சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது!

அதே எண் முகப்படத்தில் கெடுத்தது. உதடும் கன்னமும் திட்டுத் திட்டாகக் கறுத்தன, ஏனென்றால் தோல் நிறம் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் எல்லையில் நிற்கிறது, எச்எஸ்எல் அந்த எல்லையில் வெட்டிவிடும். காலிபிரேஷன் பேனலில் சிவப்பு பிரைமரியை (எல்லா நிறங்களிலும் கலந்திருக்கும் அடிப்படைச் சிவப்பை) நகர்த்தினால் வெட்டு விழாமல் மெதுவாகப் பரவும். அதையும் கொஞ்சம், லூமினன்ஸ் மைனஸ் 10, குடை மாதிரிப் பொருளுக்குத் தனியாக மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் வழி), இப்படிப் பிரித்துக்கொண்டேன். பச்சையை மஞ்சள் பக்கம் தள்ளி, நீலத்தின் சாச்சுரேஷனைப் பாதியாக்கியதெல்லாம் அஞ்சு நிமிட வேலை.

முதல் படத்துக்கு இரண்டு மணி நேரம் போனது. இங்கேதான் ப்ரொஃபைல் கைகொடுத்தது. போட்டோஷாப்போடு வரும் கேமரா ராவில் ஆல்ட் அழுத்திக்கொண்டு நியூ பிரீசெட் பட்டனைத் தட்டினால் ப்ரொஃபைல் உருவாக்கும் பெட்டி திறக்கும், லைட்ரூமில் இதைச் செய்ய முடியாது, அங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்த மட்டும்தான் முடியும். ப்ரொஃபைலாகப் போட்டால் ஸ்லைடர்கள் எல்லாம் பூஜ்யத்தில் இருக்கும், எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் அந்தந்தப் படத்துக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளலாம், அமௌண்ட் ஸ்லைடரில் கூட்டலாம் குறைக்கலாம். இப்போது ஒரு படத்துக்கு மூன்று நிமிடம். மாஸ்க்கை மட்டும் ப்ரொஃபைலில் அடைக்க முடியாது, அது ஒவ்வொரு படத்திலும் கையால்தான்.

அந்த மாஸ்க் சின்ன விஷயம் இல்லை. கறுப்பு வெள்ளைப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலவுப் படத்தை வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பிரிண்ட் போட்டார். நெகட்டிவ் ஒன்றுதான், ஆனால் வருடங்கள் போகப் போக வானம் கறுத்துக்கொண்டே போனது. எங்கே வெளிச்சம் விட வேண்டும், எங்கே மறைக்க வேண்டும் என்று அவர் கை முடிவு செய்ததுதான் அந்தப் படத்தின் ஸ்டைல். ஆடம்ஸ் மாதிரி வேண்டும் என்பவர்கள் பிரீசெட், லட் இரண்டையும் மறந்துவிட்டு டாட்ஜ், பர்ன் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெளுக்கவோ கறுக்கவோ செய்வது) பழகுவதே நல்லது. மாறாக ஜப்பானியப் புகைப்படக்காரர் டைடோ மொரியாமா மாதிரிக் கரடுமுரடான கறுப்பு வெள்ளை என்றால், நல்ல பிரீசெட் ஒன்றே பெரும்பாலும் போதும், அங்கே தோல் நிறச் சிக்கலே கிடையாது, காண்ட்ராஸ்டும் கிரெயினும்தான் வேலை.

ஆகவே யாருக்கு எது என்றால்: கலரில் ஒருவரைப் பின்தொடர்கிறீர்கள், நேரமும் இருக்கிறது என்றால் கர்வில் உட்காருங்கள், பிறகு ப்ரொஃபைல். நேரம் இல்லை என்றால் நல்ல பிலிம் லட், பிரீசெட்டுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். ஒரே ஒரு படம், மாதிரியும் ஒத்த காட்சி என்றால் மேட்ச் கலர்.

என் உச்சிவெயில் தெருப்படம் மட்டும் நான்கு முறையிலும் தேறவில்லை. ப்ரொஃபைலை நூறில் வைத்தாலும் அது பழுப்புப் பூசிய வெயில்படமாகவே இருந்தது, நிழல் விழுந்த விதமே வேறு. அதே இடத்துக்கு ஒரு மழை நாளில் போய், 135 மி.மீ. லென்ஸோடு ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தேன். அந்த ரா ஃபைலுக்கு ப்ரொஃபைல் நாற்பதே போதுமாக இருந்தது.